சைக்கிள் வெளிச்சத்தில் வந்த கார்

விளக்குகள் நன்றாக எரிந்தன. எங்களுக்கு வந்த வில்லங்கமே அதுதான்.

மாத்தளைப் பொலிஸ் நிலையத்தின் பின்முற்றம். பொழுது சாய்ந்து, மழை விட்டிருந்த நேரம். வெள்ளையடித்த மதிலுக்கு எதிரே எங்கள் கறுப்புக் கார் நின்றது. சார்ஜன்ட் ஒருவர் உள்ளே உட்கார்ந்து லைட் ஸ்விச்சை இழுத்தார். மதிலில் இரண்டு வெள்ளை வட்டங்கள் விழுந்தன. ஈரச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நத்தையின் கொம்புகூடத் தெரிந்தது.

என்ஜினை முடுக்கிப் பார்த்தார். மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு அதை நிறுத்திவிட்டு பெட்டரியில் மட்டும் எரியவிட்டுப் பார்த்தார். வட்டங்கள் மங்கவே இல்லை.

அவர் இறங்கி வந்து, என் கணவரிடம் சிங்களத்தில் சொன்னார்: "லைட்டில் ஒரு குறையும் இல்லை. அப்படியென்றால் நீ லைட் போடாமல்தான் வந்திருக்கிறாய்."

"போட்டுத்தான் வந்தேன்" என்றார் என் கணவர்.

நான் குடையை மடக்காமல் அந்த மதிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாய் வாடை அடித்த கார்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசித்து வருபவர்களுக்கு என் கணவர் வேலாயுதத்தைத் தெரியும். இடையில் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டியவர். அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த என்னைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தார். நான் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாறினேன். அவர் வாடகைக்கு ஹயர் கார் ஓட்டினார்.

கார் முதலில் எங்கள் தோட்டத்துத் துரையுடையது. அவர் சீமைக்குத் திரும்பியபோது அது தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா கைக்கு வந்தது. அவரிடமிருந்து எங்களிடம் வந்தது. துரையின் நாய் பின் சீட்டில்தான் பயணம் செய்யுமாம். மழை நாளில் கதவைத் திறந்தால், எத்தனையோ வருஷம் கழித்தும், அந்த நாயின் வாடை வரும். என் கணவர் ஏலக்காய்த் தோலைத் துணியில் முடிந்து சீட்டின் இடுக்கில் செருகி வைப்பார். அப்புறம் ஏலக்காய் தின்ற நாயின் வாடை வந்தது.

அந்தக் காருக்கு இன்னொரு குணமும் இருந்தது. சில வேளை, ஆட்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு ஸ்டார்ட் ஆகாது. ஒரு முனகலோடு நின்றுவிடும்.

ஒருமுறை வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருநாளுக்குப் போன ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அப்படி நின்றுவிட்டது. காரைத் தள்ளுவதற்காக ஆட்கள் இறங்கினார்கள். யாரும் கை வைக்கும் முன்பே என்ஜின் பிடித்துக்கொண்டது. "அந்தோனியார் செஞ்ச புதுமை" என்று அந்த வீட்டு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். என் கணவர் சைவக்காரர். ஆனாலும் அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது ஒரு மெழுகுதிரி வாங்கி ஏற்றிவிட்டு வந்தார்.

நாங்கள் இதையெல்லாம் பழைய காரின் குறும்பு என்றுதான் எடுத்துக்கொண்டோம். வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்திருந்த காலம். மாத்தளையில் ஓடிய எந்தக் காரும் ஏதாவது ஒரு குறும்போடுதான் ஓடியது.

யட்டவத்த வளைவு

அறுபதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். எங்கள் மூத்தவள் பிறந்திருந்தாள், இளையவன் பிறக்கவில்லை.

காதர் முதலாளி என்று மிளகும் கொக்கோவும் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் எங்களுக்கு நெடுநாள் வாடிக்கை. நல்ல ஆகிருதி. கடை வாசலில் அவர் உட்கார்வதற்கென்று தச்சன் ஒரு தனி நாற்காலி செய்து கொடுத்திருந்தான். அவருடைய தங்கைக்குச் சம்பந்தம் பேச, அவரும் மனைவி ஸைனப்பும் தங்கையும் யட்டவத்தைக்கு எங்கள் காரில் போயிருந்தார்கள். மூன்று பேரும் பின் சீட்டில். முன் சீட்டில் வட்டிலப்ப இனிப்பு வைத்த சட்டி.

திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. தூறல். ஒரு பாலத்தடியில் பாதை திடீரென்று வளையும்; இரண்டு பக்கமும் பாக்கு மரங்கள். என் கணவர் வேகத்தைக் குறைத்து வளைத்தார். அந்த இடத்தில் பாதையோரமாகக் குடை பிடித்துக்கொண்டு, ஒரு கையில் மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்தவர் முதியான்சே என்ற விவசாயி.

மட்காட் அவர் தொடையில் அடித்தது. பாதையோரம் தண்ணீர் ஓடும் காணுக்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது.

முதலாளியும் என் கணவரும் அவரைத் தூக்கினார்கள். காயம்பட்டவரைப் படுக்க வைப்பதற்காக முதலாளி வீட்டார் மூவரும் பக்கத்துக் கடை விறாந்தையில் இறங்கிக்கொண்டார்கள். முதியான்சே ஒட்டி உலர்ந்த மனிதர். அவரைப் பின் சீட்டில் நீளவாக்கில் படுக்கவைத்து, என் கணவர் நேரே மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து தானாகவே பொலிஸுக்குப் போனார்.

முதியான்சே பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலம், காரில் லைட் இருக்கவில்லை என்பது. சார்ஜன்ட் அதை எழுதிக்கொண்டார். அடுத்த நாள்தான் அந்த மதில் சோதனை.

பத்திரிகைத் தலைப்பு

பொலிஸிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சாப்பிடவில்லை. கூடத்தின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு, "ராசம், பேப்பர எடுத்துப் பிடி" என்றார்.

பிடித்தேன். தலைப்பை வாசித்தார். கீழே இருந்த சின்ன எழுத்தை வாசிக்கச் சொன்னேன். அதையும் வாசித்தார்.

"இப்ப ஒத்தக் கண்ணு" என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

"வளைவுல வெளிச்சம் மங்கின மாதிரி இருந்துச்சு. கண்ணாடியில நீராவி அடிச்சிருக்குன்னு தொடைச்சேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பார்த்தா நல்லா எரியுது. இன்னைக்கும் எரியுது. அப்ப மங்கினது லைட்டா, கண்ணா?"

அவருக்கு அப்போது நாற்பது கடந்திருந்தது. கண் மங்கிய டிரைவருக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? பேப்பரை மடித்து வைத்தேன்.

வார்டில் கேட்டது

முதியான்சேயைப் பார்க்கப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. போகக்கூடாது என்று அயலில் சொன்னார்கள். போனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமாம். பள்ளிக்கூடம் விட்டதும் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு போனேன்.

ஆண்கள் வார்டில் லைசோல் மணமும், ஜன்னலுக்கு வெளியே யாரோ காயப்போட்டிருந்த கொக்கோ விதையின் புளித்த மணமும் கலந்து வந்தன. முதியான்சேயின் கால் கயிறு கட்டி மேலே தூக்கியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் யார் என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் எழுந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். உட்கார இடம் விட்டாள்.

முதியான்சே கோபமாகத்தான் இருந்தார். ஆனால் கோபம் எங்கள் மீது இல்லை.

"நான் குடித்திருந்தேனா என்று கேட்கிறார்கள்" என்றார். "சார்ஜன்ட் கேட்கிறார், கடைக்காரன் கேட்கிறான், என் மச்சானே கேட்கிறான். லைட் நன்றாக எரிகிறதாம். அப்படியென்றால் எனக்குத் தெரியாமல் போனது எப்படி என்கிறார்கள்."

"லைட்டே இருக்கவில்லையா?" என்று கேட்டேன்.

"கார் லைட் இருக்கவில்லை என்றுதான் சொன்னேன். ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது. சிவப்பாய், சின்னதாய்." அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பயிசிக்கலயக் கியலா ஹிதுவே."

'சைக்கிள் என்று நினைத்தேன்.' அதுதான் அவர் சொன்னது.

சைக்கிள் வருகிறதென்று நினைத்து அவர் ஒதுங்கவில்லை. அதைச் சார்ஜன்ட்டிடமும் சொல்லியிருக்கிறார். எழுதும்போது அது 'லைட் இல்லை' என்று சுருங்கிவிட்டது.

சாப்பாட்டுப் பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது.

பரீத் பாஸின் கொட்டகை

எங்கள் பக்கத்தில் மெக்கானிக், தச்சர், கொத்தனார் எல்லோரும் பாஸ்தான். பரீத் பாஸ் கோங்காவலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். என் கணவருக்கு நெருங்கிய சிநேகிதர். காரைப் பொலிஸ் திருப்பிக் கொடுத்ததிலிருந்து அது அங்கேதான் நின்றது.

அவர் அதற்குள் நிறைய வேலை செய்து முடித்திருந்தார். பல்ப் இரண்டையும் கழற்றித் துடைத்திருந்தார். லைட்டுக்குப் போகும் வயர்களின் நுனியைச் சுரண்டி மறுபடியும் பூட்டியிருந்தார். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பெருவிரலால் அழுத்திப் பார்த்து இறுக்கியிருந்தார். டைனமோவைப் பிரித்து, தேய்ந்திருந்த கரித்துண்டுகளை மாற்றியிருந்தார். பின் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்த பெட்டரியை வெளியே எடுத்து, சார்ஜ் ஏற்றி, தண்ணீர் ஊற்றித் திரும்ப வைத்திருந்தார்.

"எல்லாம் செஞ்சிட்டன்" என்றார். "கொறை இருந்தாத்தானே திருத்த ஏலும். இரத்தோட்டை ரோட்டுல நானும் ஒங்கட மாப்பிள்ளை வேலாயுதமும் ரெண்டு தரம் போய் வந்திட்டம். பகல் மாதிரி எரியுது."

நான் வார்டில் கேட்டதைச் சொன்னேன்.

பரீத் பாஸ் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே போட்டார். "சிவப்பா, சின்னதான்னா சொன்னாரு?"

"ஆமா. சைக்கிள்னு நெனச்சாராம்."

"அப்ப ஸ்விச்சு போட்டுத்தான் இருக்கு. பல்ப்பும் நல்லம். கரண்ட் போதாம வந்திருக்கு." அவர் என் கணவரைப் பார்த்தார். "வேலாயுதம், ஒங்கட கண்ணுல ஒண்டும் இல்ல."

என் கணவர் காரின் மட்காட்டில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "அப்ப இப்ப ஏன் எரியுது?" என்று கேட்டார்.

பாஸ் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அண்டைக்கு எப்படி வந்தீங்களோ அப்படியே வருவம். அதே ஆக்கள், அதே சீட்டு, அதே நேரம்."

முதலாளி உட்கார்ந்தார்

காதர் முதலாளியை அழைத்துவருவது எளிதாக இருக்கவில்லை. சம்பவ நேரத்தில் அவர் நித்திரை. தனக்கு ஒன்றும் தெரியாது, கோர்ட்டு வாசல் மிதிக்க மாட்டேன் என்றார். ஸைனப்புத்தான், "மனிசன்ட கால் ஒடஞ்சி கெடக்கு. ஒரு கார்ல ஏறி குந்துறதுக்கு என்ன?" என்று அதட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து வந்தார்கள். கொட்டகைக்கு எதிரே ஒரு கடையின் சுவர். காரை அதற்கு நேரே நிறுத்தி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, என் கணவர் லைட் போட்டார். இரண்டு வெள்ளை வட்டங்கள்.

தங்கை ஏறினாள். வட்டங்கள் அப்படியே இருந்தன. ஸைனப்பு ஏறினார். ஒன்றும் ஆகவில்லை. முதலாளி குனிந்து, கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பெருமூச்சோடு உட்கார்ந்தார்.

சுவரில் வெள்ளை போய் மஞ்சள் வந்தது. மஞ்சள் போய் செம்மை வந்தது. வட்டம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பீடி நெருப்பு மாதிரி இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

"ஒருத்தரும் அசையாதீங்க!" என்று பரீத் பாஸ் கத்தினார்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

"மொதலாளி, இப்ப கொஞ்சம் எழும்புங்க."

முதலாளி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சுவர் வெளுத்தது.

"குந்துங்க."

சுவர் இருண்டது.

"எழும்புங்க."

"நான் என்ன ஒங்கட லைட் ஸ்விச்சா?" என்று முதலாளி உள்ளிருந்து சத்தம் போட்டார். ஸைனப்பு முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என் கணவரும் சிரித்தார். அந்த இரண்டு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

வேகமாக முடுக்கிப் பார்த்தபோது, முதலாளி உட்கார்ந்திருந்தும் வெளிச்சம் கூடியது. மெதுவாக்கினால் மங்கியது. பாஸ் தலையை ஆட்டிக்கொண்டார். "வேகமா ஓடக்குள்ள டைனமோ கரண்ட் குடுக்கும். வளைவுல மெதுவாக்கினா பெட்டரிதான் குடுக்கணும். அது குடுக்கல்ல."

எல்லோரையும் இறக்கிவிட்டுப் பின் சீட்டைத் தூக்கினார். டோர்ச் அடித்துக் காட்டினார். பெட்டரியின் ஒரு முனையிலிருந்து, பின்னல் மாதிரி முறுக்கிய ஒரு செப்புப் பட்டை காரின் தரைத் தகட்டுக்குப் போய், அங்கே ஒரு போல்ட்டில் பூட்டப்பட்டிருந்தது. போல்ட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. போல்ட்டும் தளர்ந்திருந்தது. பட்டையின் மேல் ஓரிடம் மட்டும் புதுச் சதக் காசு மாதிரிப் பளபளத்தது. சீட்டின் அடிக் கம்பி வந்து உரசிய இடம்.

"இதான் எர்த்" என்றார் பாஸ். "பெட்டரியில இருந்து போற கரண்ட் லைட்டுக்குப் போய், கார்ட ஒடம்பு வழியா இந்தப் பட்டையில திரும்பி வரோணும். திரும்பி வாற வழி அடஞ்சா, போற வழியும் அடையும். பாரம் ஏறக்குள்ள கம்பி இறங்கி இதப் பொரட்டுது. பொரண்டா ஒரு ஓரம்தான் தொடும்."

ஒட்டி உலர்ந்த முதியான்சே படுத்திருந்தபோது லைட் நன்றாக எரிந்ததும், ஆட்கள் நிறைய ஏறியபோது ஸ்டார்ட் ஆகாமல் முனகியதும், தள்ள இறங்கியதும் பிடித்துக்கொண்டதும் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பெட்டரியைத் திரும்ப வைத்தபோது பாஸ் மற்ற முனையைச் சுத்தம் செய்திருக்கிறார். இந்தப் போல்ட்டைத் தொடவில்லை. அதைச் சொல்லி அவர் தன் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார்.

ஸ்பேனரை எடுத்துக் குனிந்தார். பத்து நிமிஷ வேலை.

"கொஞ்சம் பொறுங்க பாஸ்" என்றார் என் கணவர். "புரொக்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

புரொக்டரின் யோசனை

எங்கள் வழக்கை எடுத்திருந்த வக்கீல்தான் அந்தப் புரொக்டர்; நல்ல மனிதர். எங்களிடம் கடுமையாக ஒருநாளும் பேசியதில்லை. முழுக் கதையையும் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"இத ஏன் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

நாங்கள் விழித்தோம்.

"பொலிஸே சோதிச்சு லைட் நல்லாயிருக்குன்னு எழுதியிருக்கு. நீங்க லைட் போட்டீங்கன்னு முதலாளி வீட்டம்மா சாட்சி சொல்லுவாங்க. லைட் நல்லா எரிஞ்சுது, அந்த ஆள் குடிச்சிருந்தான், அவனுக்குத் தெரியல்ல. இவ்வளவுதான் கேஸ். நீங்க வெளிய வந்துடுவீங்க. ஆனா காரில குறை இருந்துதுன்னு நீங்களே சொன்னா, குறையுள்ள காரை ரோட்டில ஓட்டினது உங்க குற்றம். லைசென்ஸக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைப்பாங்க."

என் கணவர் யோசித்தார்.

"அவர் குடிச்சிருந்தாருன்னு யாருங்க ஐயா சொன்னது?"

"யாரும் சொல்லல்ல. நான் கேட்பேன். அவர் இல்லைன்னுவார். கேட்டதே போதும்."

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். எதிரே மிளகுக் கடையில் யாரோ சாக்கு உதறினார்கள். காற்றில் வந்த தூள் பட்டு இருவரும் தும்மினோம்.

"லைசென்ஸ் போயிட்டா என்னங்க செய்றது?" என்று கேட்டேன்.

"பாஸ்கிட்ட வேலை செய்றேன்." அதை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார் என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. "ராசம், ரெண்டு வாரமா என் கண்ணு போயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நான் பார்த்ததை நானே நம்பல. அந்த மனுஷனும் அதே மாதிரிதான் படுத்துக்கிட்டிருக்காரு. அவர் பார்த்தது சரின்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு எப்படி அவரைக் குடிகாரன் ஆக்குறது?"

திரும்ப உள்ளே போய்ச் சொன்னார். புரொக்டர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அப்ப அந்தப் போல்ட்ட யாரும் தொடக்கூடாது. வாகனம் சோதிக்கிற எக்ஸாமினர் வந்து பார்க்கணும்" என்றார்.

கார் கொட்டகையில் படுதா போர்த்தியபடி நின்றது. என் சம்பளத்தில் வீடு ஓடியது. என் கணவர் தினமும் போய்ப் படுதாவைத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவார். எங்கே பிழை என்று தெரிந்தும் திருத்தாமல் விடுவது அவருக்கு உடம்பில் முள் தைத்த மாதிரி இருந்திருக்க வேண்டும். பாஸும் அப்படித்தான் இருந்தார். ஸ்பேனரைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துக்கொண்டார்.

தகரக் கொட்டகைச் சோதனை

வழக்கு நாளில் கூட்டம். காதர் முதலாளி காரில் உட்காரப் போகிறார் என்ற செய்தி எப்படியோ பஸார் முழுவதும் பரவியிருந்தது.

முதியான்சே ஊன்றுகோலோடு கூண்டில் ஏறினார். மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். சைக்கிள் வெளிச்சம் என்று வந்ததும் நீதவான் நிமிர்ந்து பார்த்தார்.

"சைக்கிளாகவே இருந்தாலும் ஏன் ஒதுங்கவில்லை?"

முதியான்சே அந்தக் கேள்வியையே விசித்திரமாகப் பார்த்தார். "சைக்கிளுக்கு யார் ஐயா ஒதுங்குவார்கள்?" என்றார். கோர்ட்டே சிரித்தது. நீதவான் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் ஓர் இருண்ட தகரக் கொட்டகை இருந்தது. மோட்டார் எக்ஸாமினர் காரை அதற்குள் விடச் சொன்னார். முதலாளி புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஏறினார், இறங்கினார், ஏறினார். சார்ஜன்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, முதியான்சேயிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. முதியான்சே தலையை ஆட்டினார்.

லைட் போடாமல் ஓட்டியதாக இருந்த குற்றச்சாட்டு போயிற்று. குறையுள்ள காரை ஓட்டியதற்குத் தண்டம். லைசென்ஸ் சில மாதங்களுக்கு நிறுத்தம். புரொக்டர் சொன்னபடியே நடந்தது.

என் கணவர் லைசென்ஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் மடிப்பு நிமிராமல் இருந்ததால், மேசையில் வைத்து ஒருமுறை நீவிவிட்டுக் கொடுத்தார்.

போல்ட்

"இனித் தொடலாந்தானே?" என்று பரீத் பாஸ் கேட்டார்.

அந்தக் கொட்டகைக்குள்ளேயே சீட்டைத் தூக்கினார்கள். போல்ட்டைக் கழற்றி, பட்டையின் நுனியையும் தரைத் தகட்டையும் உப்புத்தாளால் செம்பும் இரும்பும் தெரியும் வரை தேய்த்தார்கள். பட்டையைத் திருப்பி, சீட்டுக் கம்பி எட்டாத பக்கமாக வளைத்துப் பூட்டி, மேலே கிரீஸ் தடவினார் பாஸ். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி அதை மூடிக் கட்டினார். என் கணவர் ஸ்பேனரை வாங்கிக் கடைசி இறுக்கு இறுக்கினார்.

யட்டவத்த பஸ் போய்விட்டது. முதியான்சே வாசல் மரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் போய் முன்னால் நின்றார்.

"காரில் வாங்க. நான் ஓட்டவில்லை, பாஸ் ஓட்டுவார்" என்றார் சிங்களத்தில்.

முதியான்சே காரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கையை நீட்டினார். என் கணவர் பிடித்துத் தூக்கிவிட்டார்.

கால் நீட்ட வசதியாக இருக்கும் என்று முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி அவரை ஏற்றினோம். நானும் என் கணவரும் பின்னால். தன் சொந்தக் காரில் அவர் பின் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

இருட்டும் வேளையில் அந்தப் பாலத்தடி வந்தது. பாஸ் வேகத்தைக் குறைத்தார். கார் வளைந்தது. பாக்கு மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளை வெளேரென்று வந்து, ஒவ்வொன்றாகப் போயின.

கொஞ்சம் தள்ளி முதியான்சே நிறுத்தச் சொன்னார். அவர் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை, கார் போகாது. மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்கள். அவர் இறங்கி ஊன்றுகோலைச் சரிசெய்துகொண்டார். துணைக்கு வருகிறேன் என்று என் கணவர் சொன்னபோது, பழக்கமான பாதை என்று கையசைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.

"பாஸ், கார கொஞ்சம் எடப்பக்கம் திருப்பிப் போடுங்க" என்றார் என் கணவர்.

பாஸ் பின்னால் எடுத்துத் திருப்பினார். வெளிச்சம் பாதை முழுவதும் விழுந்தது. ஒவ்வொரு பள்ளமும், ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. அவருடைய நிழல் அவருக்கு முன்னால் நீண்டு, அவர் போவதற்கு முன்பே வீட்டுச் சுவரில் ஏறி நின்றது. அவர் மனைவி கதவைத் திறந்து, கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வாசற்படியில் ஏறி, ஊன்றுகோலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தும் வரை நாங்கள் அப்படியே நின்றோம்.

"இனி எடுங்க பாஸ்" என்றார் என் கணவர்.